மரு இருக்கும் கன்னம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. அப்பா எப்படி இருக்கிறார், உன் முதுகு எப்படி இருக்கிறது என்று எழுது. "எல்லாரும் நலம்" என்று ஒரே வரியில் கையைக் கழுவிவிடாதே, ஆளுக்கு ஒரு வரி கேட்கிறேன்.

எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். அதுதான் முன்பே கொடுத்துவிட்டார்களே என்பாய். இத்தனை நாளும் மற்றவர்கள் வரைந்ததைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு ஷேவிங் செட்டை முதல் கோட்டிலிருந்து நானே வரைய வேண்டும். ஜூனுக்குள் அது சோதனையில் தேறினால் எனக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சாமான். அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு மூடி, நடுவில் பிளேடு, கீழே கைப்பிடி. ஆனால் பிளேடின் விளிம்புக்கும் தட்டின் ஓரத்தில் இருக்கும் காப்புப் பட்டைக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது பார், ராத்தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். கொஞ்சம் கூடினால் முகம் மழமழவென்று வரும், ஆனால் கை தப்பினால் ரத்தம். குறைந்தால் பத்திரம், ஆனால் சாயங்காலமே கன்னம் சொரசொரக்கும். சுகமாகவும் இருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்று என் மேலதிகாரி உயிரை வாங்குகிறார். டீயைக்கூட அளந்து குடிக்கிற மனிதர். நாங்கள் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சோதித்துப் பார்க்க ஆளுக்கு ஒருவரைச் சொல்லச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை, அப்பாவைச் சொன்னேன். அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர், முகத்தில் முடியோடு ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தொட்டிருப்பாரா? முதல் மாதிரியை அனுப்பியிருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நீ எழுது, வழக்கம்போல. இந்த வேலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடமாட்டேன் என்று அவரிடம் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

ஆளுக்கு ஒரு வரி கேட்டாய். என் முதுகு, தையல் மிஷின் இருக்கும் வரை கூடவே இருக்கும். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், ரேடியோவோடு சண்டை போடுகிறார். போதுமா?

உன் செட் வந்தது. முதல் நாளே தாடைக்குக் கீழே நல்ல வெட்டு. படிக்காரம் தீர்ந்துபோயிருந்தது, ஓடிப்போய் வாங்கி வந்தேன். "இதப் போட்டவன் யாரு, ஆளக் கொல்லவா பாக்கிறான்?" என்றார். உங்கள் பிள்ளைதான் என்று நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்போ சரி, அவ்வளவா ஒண்ணும் வெட்டல" என்றார்.

குறை எழுதச் சொன்னாய். கைப்பிடி நீளம். கழுத்துப் பக்கம் இறங்கும்போது இடிக்கிறது. அப்புறம், பிளேடு எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை, மூடி மறைத்துக்கொள்கிறது. சோப்பு நுரை வழிந்து சட்டைக் கைக்குள் போகிறது. மற்றபடி வந்த வரைக்கும் சுத்தமாக வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. இருமல் போனதென்று ஐஸ் தண்ணீர் குடிக்காதே.

அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். ஐஸ் தண்ணீரும் குடிக்கிறேன், மன்னித்துவிடு.

அப்பா சொன்னதை மில்லிமீட்டரிடம் படித்துக் காட்டினேன். மற்றவர்கள் எல்லாரும் "நல்லா இருக்கு", "பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா? "உங்கப்பாதான்யா மனுஷன், எங்க தப்புன்னு சொல்றாரு" என்றார். அன்றைக்கு முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. கைப்பிடி எதில் இடிக்கிறது? மற்றவர்கள் இன்னும் நீளம் வேண்டும் என்கிறார்கள். அப்பாவுக்கோ முறம் மாதிரிக் கை, நீளக் கைப்பிடிதான் பிடிக்கும் என்று நினைத்தேன். கேட்டு எழுது. பிளேடைப் பார்க்க வேண்டும் என்கிறாரே, அதுவும் எனக்குப் புதுசு. நம் முகத்தை நாம் வழிக்கும்போது கன்னமே சொல்லிவிடும், கண் எதற்கு? வயசானதால் பார்வை மங்குகிறதோ என்னவோ. கண் டாக்டரிடம் ஒரு நடை கூட்டிப்போ.

இரண்டாவது மாதிரி இதோடு வருகிறது. இடைவெளியைக் குறைத்திருக்கிறேன், கைப்பிடியை ஒரு விரல் அளவு வெட்டியிருக்கிறேன். முன்போலவே விடியுமுன் எழுந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் ஷேவ் பண்ணுகிறாரா?

உன் தம்பி

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கல்யாண வீட்டுத் துணிகள் குவிந்துவிட்டன, நடுவில் குழாய் உடைந்து வீடே குளம். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை, எதிர் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பது வரை தெரிகிறது.

இரண்டாவது செட் முதலாவதைவிட எவ்வளவோ மேல். இந்த மாதம் வெட்டு என்று சொன்னால் ஒன்றோ இரண்டோ, அதுவும் சின்னச் சின்னக் கீறல். கன்னத்துக் குழியில் மட்டும் தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் முடி நிற்கிறது. இடது கன்னத்தில் மரு இருக்கிறதே, அதன் மேல் போகும்போது காப்புப் பட்டை தட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் அங்கே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டையின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் உருண்டையாகப் பண்ண முடியுமா?

கைப்பிடி இன்னும் குட்டையாக இருக்கலாம்.

பாட்டு கேட்டாயே. பாடுகிறார், பாடாமல் என்ன.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

இன்று காலை விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தேன். அப்பாவின் மருவை நினைத்துக்கொண்டே, அது இருக்கும் இடத்துக்கு என் முகத்தில் ரேசரைக் கொண்டுபோனேன். கை வலது கன்னத்துக்குப் போயிற்று.

மரு வலது கன்னத்தில்தான் இருக்கிறது. சின்ன வயசில் அவர் தோளில் தூங்கும்போது விரலால் நெருடுவேனே, எனக்கா தெரியாது? கண்ணாடியில் பார்த்துச் சொன்னாலும் வலது வலதாகத்தான் தெரியும். அதையும் என் முகத்தில் சோப்புப் பொட்டு வைத்துப் பார்த்துவிட்டேன். வாழ்க்கை முழுவதும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்து பஸ் ஓட்டியவர் இடம் வலம் மாற்றிச் சொல்வாரா?

அந்த மரு இடது பக்கம் தெரிவது அவருக்கு எதிரே நிற்கிறவருக்குத்தான். கைப்பிடி அவர் மார்பில் இடிக்கிறது. நுரை உன் கை வழியாக வழிகிறது. பிளேடைக் கண்ணால் பார்க்க வேண்டியது அதைத் தன் கன்னத்தில் உணராத ஆளுக்கு.

அக்கா, அப்பாவுக்கு என்ன?

ஏப்ரல் 17

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

முதலில் இதைப் படித்துக்கொள்: அப்பா நன்றாக இருக்கிறார். பேச்சு தெளிவாக இருக்கிறது, கோபமும் குறையவில்லை. இனி மற்றதைச் சொல்கிறேன்.

நவம்பரில், நீ வந்துவிட்டுப் போன பிறகு, ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தார், அப்படியே அவரும் சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்து நடக்கிறார். கை இன்னும் ஒரு டம்ளரைப் பிடிக்கிற அளவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, "அவன்கிட்ட மூச்சு விட்டேன்னா, உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார். போன தடவை அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றதும் நீ வேலையை உதறிவிட்டு ஓடி வந்தாய். அவர் எழுந்து நடமாடிவிட்டார், நீ ஒரு வருஷம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தன்னால்தான் என்று அது அவருக்கு இன்னும் உறுத்துகிறது.

சவரத்துக்கு ஆள் வைத்துப் பார்த்தேன். தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிடுவான் என்று இரண்டாவது தடவை உள்ளேயே விடவில்லை. தாடி வளர்ந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். நான் செய்கிறேன் என்றதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது.

அப்போதுதான் உன் பார்சல் வந்தது. நான் உன் கடிதத்தைப் படிக்கப் படிக்க, அவர் செட்டை இடது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பேரக் குடுத்திருக்கானா?" என்று இரண்டு தடவை கேட்டார். தானே வழித்துப் பார்த்தார். முதல் நாள் தாடை வெட்டு அவர் போட்டது. அதன் பிறகு வந்த வெட்டெல்லாம் நான் போட்டது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு செட்டை என்னிடம் நீட்டினார். "அவன் கேக்கிறான்ல. பதில் எழுதணும்ல. நீ பண்ணு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். உனக்காகத்தான் முகத்தைக் காட்டினார், எனக்காக இல்லை.

இன்றுவரை நான் பண்ணும்போது கண்ணைத் திறப்பதில்லை. அம்மா போன பிறகு டிப்போவுக்குக் கிளம்புமுன் எனக்கு ஜடை பின்னிவிடுவாரே, ஒன்று மேலே ஒன்று கீழே. வலிக்கிறதென்று நான் தெருவுக்கே கேட்கக் கத்துவேன். இவர் வெட்டினால்கூடக் கத்துவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாடுகிறார் என்று எழுதினேனே, அது பொய்.

உனக்குத் தெரிந்துவிட்டது நல்லதாகப் போயிற்று. யாரிடமும் சொல்ல முடியாமல் நான் ரொம்பத் தனியாக இருந்தேன்டா.

அக்கா

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

உன்னை நாலு திட்டு திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. உன் முதுகு, தையல், அப்பா, இதற்கு நடுவில் எனக்குக் குறை வேறு எழுதி அனுப்பியிருக்கிறாய்.

மில்லிமீட்டரிடம் கேட்டேன். சோதனை நடக்கும்போது லீவு கிடையாதாம். கிடைக்காவிட்டால் போகட்டும், சாமான்களைக் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் கிளம்புகிறேன். வேலை வேறு கிடைக்கும்.

உன் தம்பி

மே 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உனக்கு எல்லாம் தெரியும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அரைநாள் ரேடியோவோடுதான் சண்டை போட்டார். சாயங்காலம் கூப்பிட்டு, எழுது என்றார். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"டேய், ஆள ஏத்திக்கிட்டு நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு, எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு இறங்கிப் போனா ஜனங்க சும்மா விடுவாங்களா? எடுத்த டிரிப்ப முடி. வண்டிய டிப்போல கொண்டுபோய் விட்டுட்டு, சாவிய குடுத்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வா. அதுக்கு முன்ன வந்தா கதவத் திறக்க மாட்டேன். எனக்கு இங்க ஒண்ணும் இல்ல. உங்க அக்கா நல்லா பாத்துக்கிறா. மூட்டைய அவுரு."

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். "கோபமா சொல்ற மாதிரி எழுதினியா?" என்று கேட்டார்.

தம்பி, வந்துவிடாதே. நீ வேலையை விட்டு வந்தால் இத்தனை மாதம் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு அர்த்தமே இல்லை. எனக்கு அலுப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜூன் வரை தாங்குவேன்.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டையை அவிழ்த்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல். நான் நலம்.

உன் கடிதம் வந்த அன்றே மில்லிமீட்டரிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் வீட்டுச் சோதனை செல்லாது, முகம் அப்பாவுடையது, கை அக்காவுடையது என்றேன். வேலைக்கு வேட்டு என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்போ உங்க அக்கா கையத்தான் நான் மூணு மாசமா பாராட்டிட்டு இருந்தேனா?" என்றார். பிறகு பட்டியலில் அப்பாவின் பெயரை அடித்தார். நீ கேட்டதற்காக நான் குறைத்த இடைவெளியெல்லாம் பழையபடி கூடியது, கைப்பிடியும் நீண்டது. தன் முகத்தைத் தானே வழிக்கிறவர்களுக்கு அதுதான் சரி. சோதனை தேறிவிட்டது. நான் நிரந்தரம்.

வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, "உங்க அக்கா கேட்டது ஒண்ணு பாக்கி இருக்கே" என்று பட்டறைச் சாவியைக் கொடுத்தார் மில்லிமீட்டர். யாராவது கேட்டால் வீணாய்ப் போன துண்டு என்று சொல்லச் சொன்னார். எல்லாரும் போன பிறகு கடைசல் இயந்திரத்தில் நானே கடைந்தேன். இந்தப் பார்சலில் இருப்பது அதுதான். உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது.

கைப்பிடி குட்டை, பேனா பிடிப்பது போல மூன்று விரலால் பிடி. மூடியின் ஓரங்களைச் சீவிவிட்டேன், பிளேடு நிற்கும் இடம் நீ நிற்கும் இடத்திலிருந்து தெரியும். இடைவெளி ரொம்பக் குறைவு. அழுத்தாதே, அதன் எடையிலேயே இறங்கட்டும். பட்டையின் ஓரத்தை உருண்டையாக்கிவிட்டேன், மரு மேல் வழுக்கிக்கொண்டு போகும். கைப்பிடியில் ஒரு பள்ளம் இருக்கும், நுரை அங்கேயே நின்றுவிடும், உன் சட்டைக்குள் வராது.

ஜூலை முதல் வாரம் லீவு. சாவி கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன். கதவைத் திறக்கச் சொல்.

உன் தம்பி

ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

நீ போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. நான் நலம். முதுகு, நீ பிடித்துவிட்டதால் கொஞ்ச நாள் மரியாதையாக இருந்தது, இப்போது பழைய குணத்தைக் காட்டுகிறது.

நீ இங்கே இருந்தபோது சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் நாள் காலையில் நீ அப்பாவுக்குச் சோப்புப் போட்டாயே, அப்போது அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். நீ மோவாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நீ வழித்து முடிக்கும் வரை உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கதவோரம் துண்டோடு நின்றிருந்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது சங்கதி என்னவென்றால், நீ கிளம்பிப் போனதிலிருந்து என்னை முகத்தில் கை வைக்க விடவில்லை. "உன் கை கட்டையா இருக்கு" என்கிறார். நேற்று வரை நன்றாக இருந்த கை இன்றைக்கு எப்படிக் கட்டையாகும்? நீ கடைந்து கொடுத்த செட் அலமாரியில் தூங்குகிறது. தாடி காடு மாதிரி வந்துவிட்டது. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், வீட்டுக்குப் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். ஷேவிங் செட் பண்ணுகிறவனைப் பெற்றவர் இப்படி உட்கார்ந்திருந்தால் உன் கம்பெனிக்குத்தான் அவமானம் என்றேன். அதற்கும் மசியவில்லை.

என்னதான் வேண்டும் உங்களுக்கு என்று கேட்டும் பார்த்தேன். நேற்று மத்தியானம் தாளும் பேனாவும் கேட்டார். சொல்லுங்கள் எழுதுகிறேன் என்றதற்கு என்னை வெளியே போகச் சொன்னார். இடது கையால், நான் இரண்டு ரவிக்கை தைத்து முடிக்கும் வரை எழுதிக்கொண்டிருந்தார். மடித்து, உறைக்குள் போடும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அக்கா

(உள்ளே மடித்து வைத்திருந்த தாளில்)

தம்பி,

இடது கை எழுத்து. சிரிக்காதே.

நான் நலம். அக்கா நலம். அவள் நன்றாகத்தான் வழிக்கிறாள். என் பெண்ணின் கையில் ஒரு குறையும் இல்லை. கோபித்துக்கொண்டிருக்கிறாள், நீ எடுத்துச் சொல்.

உன்னிடம் எப்போதும் வராதே, வராதே என்றுதான் சொல்லியிருக்கிறேன். வா என்று சொல்லிப் பழக்கமில்லை. தாடி விட்டால் தானாக வருவாய் என்று பார்த்தேன். உனக்கு எப்படித் தெரியும்? அதனால் எழுதுகிறேன்.

வேலையை விடாதே. லீவு கேட்டுக்கொண்டு வா. ரொம்ப அரிக்கிறது.

அப்பா